பின் சக்கரத்துப் பாம்பு

மண்டைக்காடு,
22 ஜனவரி 2025

மார்த்தாண்டத்தில் ஒர்க்‌ஷாப் நடத்தும் திரு. ஜெப்சன் அவர்களுக்கு,

நேற்று போனில் நீங்கள் பேசியதற்குப் பிறகு, இனி உங்களிடம் போனில் பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். டிசம்பரில் "கம்பிரசர் போச்சு அக்கா, மாத்தினா தீர்ந்துது" என்று சொன்னவர் நீங்கள். நேற்று "கம்பிரசர்தான்னு நான் உறுதியாச் சொல்லல்லியே" என்று சொன்னவரும் நீங்கள்தான். முப்பத்தொரு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள் நான். வாய்ச்சொல்லை நம்பி மோசம் போனவர்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஆகவே இனி எதுவானாலும் தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு அனுப்பவும். வண்டி ஓட்டுகிற ஜான்ரோஸிடம் கொடுத்தனுப்பலாம். அவன் வராத நாளில் தபால் இருக்கிறது.

நடந்தது இது. திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு வீட்டுக்காரரை ஏற்றப் போனால், வண்டி நான்கு பக்கமும் அடைகாக்கிற கோழி மாதிரி தரையோடு உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்த பிறகு பத்து நிமிடம் முக்கி முனகி எழுந்தது. பாறசாலை தாண்டும்போது மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்பக்கம் பொத்தென்று இறங்கிவிட்டது. அங்கிருந்து திருவனந்தபுரம் ஆஸ்பத்திரி வரை ஒவ்வொரு குழியும் அவர் முதுகில் நேராக விழுந்தது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். என் வீட்டுக்காரர் முருகதாஸுக்குப் புற்றுநோய் முதுகெலும்பில் இறங்கியிருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை திருவனந்தபுரத்தில் ஊசி. ஒருமுறை ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். நெய்யாற்றின்கரை வரை கத்தினார். அதற்குப் பிறகு கத்துவதற்குப் பலம் இல்லை. எங்கள் மகள் அஸ்வதி அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள். சாதாரண ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பையில் நிற்கிற வண்டி என்றால் குலுக்கல் தெரியாது என்று விசாரித்து, கொச்சியில் இந்தப் பழைய வண்டியை வாங்கித் தந்தவள் அவள். ரிட்டயரான கிளார்க்குக்கு இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்று தெருவில் கேட்கிறார்கள், கேட்கட்டும். முதல் நான்கு பயணமும் அவர் தூங்கிக்கொண்டே போனார். எனக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

அடுத்த ஊசி பிப்ரவரி 10. அதற்குள் கோளாறு என்ன என்று எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
மு. தாணம்மாள்


மார்த்தாண்டம்,
24 ஜனவரி 2025

தாணம்மாள் அக்காவுக்கு,

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது ஷார்ஜாவில் வேலை பார்த்தபோது, என் அம்மாவுக்கு. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தாளை எழுதி முடிப்பதற்குள் இரண்டு வண்டிக்கு பிரேக் ஷூ மாற்றியிருப்பேன்.

கம்பிரசர் கெட்டிருந்தது உண்மை, சத்தியமாகச் சொல்கிறேன். காற்றை அடித்துத் தருகிற மோட்டார் அது. ஆனால் அது தானாகக் கெடவில்லை. எங்கோ காற்று கசிகிறது, கசியக் கசிய அடித்து அடித்து அது வெந்துபோயிருக்கிறது. எங்கே கசிகிறது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. நான்கு சக்கரத்துக்கும் நான்கு ரப்பர் பை. அவற்றுக்குக் காற்றைப் பங்கு வைக்கிற வால்வு. உயரம் பார்த்துச் சொல்கிற சென்சார் நான்கு. அங்கங்கே ஓடுகிற குழாய். எல்லா இடத்திலும் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். ஒரு குமிழி கூட வரவில்லை. லேப்டாப்பை மாட்டினால் 'உயரம் எட்டவில்லை' என்கிறது. எந்தச் சக்கரம் என்று கேட்டால் வாய் திறக்காது.

நான்கு பக்கமும் இறங்கிக் கிடந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதில்தான் சங்கதி இருக்கிறது. நாம் பூட்டிவிட்டுப் போன பிறகும் இந்த வண்டி இடையிடையே தானாக விழித்துப் பார்க்கும். ஒரு மூலை இறங்கியிருந்தால், வண்டி கோணாமல் இருக்க மற்ற மூன்றையும் அதற்குச் சமமாக இறக்கிவிடும். குற்றவாளி ஒருவன், தலைகுனிந்து நிற்பது நாலுபேர். விடிந்து பார்க்கிற நமக்கு யார் என்று தெரியாது.

இரண்டு நாள் என் ஷெட்டில் நின்றது. ஒரு விரற்கடை கூட இறங்கவில்லை அக்கா. உங்கள் வீட்டு முற்றத்தில் மட்டும் ஏன் இறங்குகிறது என்று யோசித்து எனக்கு மண்டை காய்கிறது.

பின் இடது சென்சார் துருப்பிடித்திருந்தது, மாற்றிவிட்டேன். நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு வளைவு வரை, ராத்திரி படுக்கும்முன் ஒருதரமும் காலையில் ஒருதரமும் அளந்து எழுதி வையுங்கள். வழக்கம்போல அடிப்பாகம் முழுக்கக் கழுவி, பழைய ஆயிலும் டீசலும் கலந்து அடித்துவிட்டிருக்கிறேன். கடற்கரை வண்டி, உப்புக்காற்றில் துருப்பிடிக்கக் கூடாது. அண்ணன் போகிற வண்டி என்பதால் மாசம் ஒருதரம் நானாகச் செய்வது, பில்லில் வராது.

ஜெப்சன்


மண்டைக்காடு,
12 பிப்ரவரி 2025

திரு. ஜெப்சன் அவர்களுக்கு,

சென்சார் மாற்றியும் பயனில்லை. 10ஆம் தேதி காலையில் மறுபடி இறங்கிக் கிடந்தது. போகும்போது சமாளித்தது. திரும்பும்போது பாலராமபுரத்தில் இறங்கிவிட்டது. ஜான்ரோஸ் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி வந்தான். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். என் மணிக்கட்டில் இன்னும் அவர் நகம் பட்ட தடம் இருக்கிறது.

நீங்கள் கேட்ட அளவுகளைப் பதினான்கு நாள் எடுத்திருக்கிறேன். முழுப் பட்டியல் தனித்தாளில். சுருக்கமாகச் சொன்னால், ஊசிக்குப் போகாத நாட்களில் ஜான்ரோஸ் பக்கத்தில் எங்காவது ஓட்டிவிட்டு வந்து நிறுத்துகிற வண்டி ராத்திரி 48 சென்டிமீட்டர், காலையிலும் 48. ஆனால் ஊசிக்கு முந்தின நாளும் அவரைக் கொண்டுபோய் வந்த நாளும் ராத்திரி நான்கு பக்கமும் 42. காலையில் 37. இதற்கு என்ன பொருள் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் போகிற சமயம் மட்டும் வண்டி கெடுமா?

ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கண்ணுபட்டது என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. எலி குழாயைக் கடித்திருக்கும் என்கிறான் ஜான்ரோஸ். வண்டியை விற்றுவிடு என்கிறான் என் தம்பி. அவர் வேறு, வண்டிக்குள் பாம்பு கிடக்கிறது என்கிறார். வலிமாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள், அதில் இப்படி எல்லாம் தோன்றும் என்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிய மனிதர், ஒரு நாளும் நிதானம் தவறியதில்லை. இப்போது பாம்பு என்கிறார். நான் சரி சரி என்று தலையாட்டிக்கொள்கிறேன்.

அடுத்த ஊசி மார்ச் 3.

மு. தாணம்மாள்


மார்த்தாண்டம்,
14 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

பட்டியல் பார்த்தேன். கோபப்படாமல் கேளுங்கள், அளந்தது தப்பு. ஓடி வந்து நிறுத்திய வண்டி 42இல் நிற்காது. நிற்க வேண்டியது 48. என்ன டேப்பில் அளந்தீர்கள் என்று ஜான்ரோஸிடம் கேட்டேன். தையல் டேப் என்றான். தையல் டேப் ரவிக்கைக்கு ஆகும், வண்டிக்கு ஆகாது, அது இழுபடும். அதனால் அந்தப் பட்டியலை நான் கணக்கில் எடுக்கவில்லை.

காற்றைப் பங்கு வைக்கிற வால்வு பிளாக்கை மாற்றியிருக்கிறேன். பிரித்துப் பார்த்தபோது உள்ளே ஈரமும் துருவும் இருந்தது. இதுதான் காரணம் என்று தொண்ணூறு சதவீதம் நினைக்கிறேன். நூறு என்று எழுத மாட்டேன், எழுதினால் நீங்கள் எடுத்துவைத்துக்கொள்வீர்கள்.

இன்னொன்று. வண்டிக்குள் உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற பட்டன் இருக்கிறது. வீட்டில் யாராவது அதை அமுக்கி விளையாடுகிறார்களா? என் ஷெட்டில் இறங்காத வண்டி உங்கள் முற்றத்தில் இறங்கினால் நான் வேறு என்ன நினைப்பது? ஜான்ரோஸை நீங்கள் நம்பலாம், எனக்கு அவனைத் தெரியாது.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஜெப்சன்


மண்டைக்காடு,
5 மார்ச் 2025

திரு. ஜெப்சன் அவர்களுக்கு,

உங்கள் தொண்ணூறு சதவீதம் நேற்று முன்தினம் குழித்துறையோடு முடிந்தது.

அம்மன் கோவிலில் மாசிக் கொடைத் திருவிழா நடக்கிறது. விடியும் முன்பே தெரு நிறைய ஜனம். இறங்கிக் கிடந்த வண்டியை எழுப்பி, கூட்டத்துக்குள் ஊர்ந்து மெயின் ரோட்டுக்கு வர ஒரு மணி நேரம். குழித்துறையில் பின்பக்கம் இறங்கிவிட்டது. திரும்பவும் முடியாது, ஊசி தவறக் கூடாது. அப்படியே போனோம். இந்தத் தடவை அவர் கத்தவில்லை. சத்தமில்லாமல் அழுதார். நாற்பது வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அதைப் பார்க்க வைத்தது உங்கள் வேலை.

எங்கள் வீட்டில் பட்டனை அமுக்கி விளையாட யாரும் இல்லை. ஒரு நோயாளியும் ஒரு கிழவியும் இருக்கிறோம். ஜான்ரோஸ் அவரைத் தன் தகப்பனைப் போலத் தூக்குகிறவன். அவனைப் பற்றி எழுதியதை நீங்கள் திரும்பப் பெற வேண்டும். என் அளவும் தப்பில்லை. இரண்டு தடவை சரிபார்க்காமல் நான் எதையும் எழுதியதில்லை.

கம்பிரசர் என்றீர்கள், சென்சார் என்றீர்கள், வால்வு என்றீர்கள். மூன்றும் மாற்றியாகிவிட்டது. உங்களுக்கு இந்த வேலை தெரியவில்லை, அல்லது தெரிந்தே இழுத்தடிக்கிறீர்கள். இரண்டில் எது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இருந்தால் சொல்லியிருப்பேன். வரும் வாரம் வண்டியைக் கொச்சிக்கு அனுப்புகிறேன். அதுவரை உங்கள் ஷெட்டில் நிற்கட்டும், ஜான்ரோஸ் வந்து எடுத்துக்கொள்வான்.

நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. மூன்று தடவையும் வீட்டுக்கு வந்ததும் அதே பாம்புப் பேச்சு. "ஏட்டி, வலப்பக்கம் பின் சக்கரத்துக்க மேல பாம்பு கெடக்கு. சீறுது கேக்கல்லியா?" என்கிறார். கேட்கவில்லை என்றால் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார். உடம்பு போகும் என்று தெரியும். புத்தி முதலில் போகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மு. தாணம்மாள்


மார்த்தாண்டம்,
7 மார்ச் 2025

மதிப்பிற்குரிய திருமதி தாணம்மாள் அவர்களுக்கு,

தாராளமாகக் கொச்சிக்கு அனுப்புங்கள். அங்கே ஏசி ரூமில் உட்கார வைத்து காபி தருவார்கள். நான் மாற்றிய மூன்றும் கெட்டுப்போனவைதான், பழைய சாமான்கள் மூட்டையாகக் கட்டி டிக்கியில் இருக்கிறது, யாரிடம் வேண்டுமானாலும் காட்டிக் கேளுங்கள். இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். இழுத்தடிக்கிறான் என்று என்னை எழுதிய முதல் ஆள் நீங்கள். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. என் வீட்டுக்காரி சுஜி கேட்டாள், நான் கடிதத்தைக் காட்டவில்லை, அவமானமாக இருந்தது. ஜான்ரோஸைப் பற்றி எழுதியது என் தப்பு. அதைத் திரும்பப் பெறுகிறேன். மற்றதை

(மறுநாள், 8ஆம் தேதி)

நேற்று மேலே எழுதியதோடு பேனாவை வைத்துவிட்டேன். கிழித்துப்போட நினைத்தேன், எல்லாம் எழுத்தில் வேண்டும் என்று நீங்கள் சொன்னதால் கிழிக்கவில்லை.

உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். சுஜியும் படித்துவிட்டாள். அவள்தான் கேட்டாள்: "அந்த அண்ணன் பஸ் டிரைவராட்டுல்லா இருந்தாரு? சும்மா பாம்புன்னு சொன்னா சரி. வலப்பக்கம், பின் சக்கரம், அதுக்க மேலன்னு அடையாளம் சொல்லுதாரே. நீரு ஒருக்கா கேட்டுப் பாக்கப்படாதா?" எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

கொச்சிக்கு அனுப்புவதை இரண்டு நாள் தள்ளி வையுங்கள். இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். அண்ணன் பாம்பு என்று எப்போது சொல்கிறார்? வண்டி ஓடும்போதா, நிற்கும்போதா? எஞ்சின் ஓடும்போதா, அணைத்த பிறகா? அந்த நேரம் அவர் தலை எந்தப் பக்கம் இருக்கிறது? மருந்து சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து? ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். நீங்கள் அளந்ததைத் தப்பு என்று சொன்னவன் கேட்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜெப்சன்


மண்டைக்காடு,
10 மார்ச் 2025

ஜெப்சன் அவர்களுக்கு,

கேட்டதற்குப் பதில்.

ஓடும்போது சொல்வதில்லை. வீட்டுக்கு வந்து, எஞ்சினை அணைத்த பிறகுதான். ஜான்ரோஸ் அவரைத் தூக்குவதற்குத் துணைக்கு ஆள் கூப்பிடப் போவான். அந்தக் கால்மணி நேரம் அவர் வண்டியிலேயே படுத்திருப்பார். கால் முன்பக்கம், தலை பின்கதவுப் பக்கம். நான் வீட்டைத் திறந்து கட்டிலை ஒழுங்கு செய்யப் போய்விடுவேன். திரும்பி வரும்போது சொல்வார். நான் பேசிக்கொண்டே வருவேன், பின்னால் ஆட்கள் பேசிக்கொண்டே வருவார்கள். நாங்கள் யாரும் எதையும் கேட்டதில்லை. காதை வைத்தும் கேட்டதில்லை.

மாத்திரை காலை ஆறு மணிக்கு. அவர் இதைச் சொல்வது மாலை நான்கு, ஐந்து மணிக்கு. கணக்குப் பார்த்தால் அப்போது மருந்தின் வேகம் இறங்கியிருக்க வேண்டும். இதை இப்போதுதான் கணக்குப் பார்க்கிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். அவரைத் தூக்கி இறக்க வசதியாக இருக்கட்டும் என்று, வீட்டு முற்றத்துக்கு வந்ததும் ஜான்ரோஸ் பட்டனை அமுக்கி வண்டியைத் தாழ்த்துவான். பிறகு அப்படியே விட்டுவிடுவோம். காலையில் ஏற்றவும் தாழ்வாக இருந்தால்தான் சுலபம் என்று, ஊசிக்கு முந்தின ராத்திரியும் தாழ்த்தியே வைப்போம். நீங்கள் பட்டனை அமுக்கி விளையாடுகிறீர்களா என்று கேட்டீர்கள். இது விளையாட்டில்லை, அதனால் இதை அதில் சேர்த்து நான் நினைக்கவில்லை. கோபத்தில் இருந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மு. தாணம்மாள்


அருமனை,
16 மார்ச் 2025

தாணம்மாள் அக்காவுக்கு,

சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாக இருக்கும். இதைப் போனில் சொல்ல எனக்கே தைரியம் இல்லை.

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாள் மத்தியானம் வண்டியை இங்கே என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஷெட் ஹைவேயில் இருக்கிறது, லாரிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. இங்கே சுற்றிலும் ரப்பர் மரம், மத்தியானம் அசையாமல் கிடக்கும். வண்டியை அடியோடு தாழ்த்தினேன். எஞ்சினை அணைத்தேன். சாவியை எடுத்துக்கொண்டு, அண்ணன் படுக்கிற மாதிரியே கால் முன்னால், தலை பின்கதவுப் பக்கம் வைத்துப் படுத்தேன். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. மோட்டார் சூடு ஆறுகிற டிக் டிக் சத்தம் நின்றது. அதற்குப் பிறகு கேட்டது அக்கா. வலது காதுக்குக் கீழே, சன்னமாக, இழுத்து இழுத்து. அண்ணன் சொன்னது சரி. அது பாம்பு சீறுகிற சத்தமேதான். எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் நானும் குதித்து ஓடியிருப்பேன்.

வலது பின்சக்கரத்து ரப்பர் பை. கழற்றினேன். அது கைமுட்டு மடங்குகிற சட்டைக்கை மாதிரி, வண்டி ஏறி இறங்க மடிந்து விரிகிற பை. மடிப்புக்குப் பக்கத்தில் மயிரிழை மாதிரி வெடிப்புகள். 48இல் நிற்கும்போது அந்த வெடிப்பு மடிப்புக்குள் அமுங்கி மூடிக்கொள்கிறது. தாழ்த்தினால் மடிப்பு உருண்டு, வெடிப்பு வெளியே வந்து வாய் திறக்கிறது. என் ஷெட்டில் நான் ஒருநாளும் தாழ்த்தி நிறுத்தியதில்லை, அதனால் இறங்கவில்லை. உங்கள் முற்றத்தில் தாழ்த்தி விட்டீர்கள், இறங்கியது. ராத்திரி முழுக்க காற்று போன வண்டியைக் காலையில் அடித்து எழுப்பி ஓட்டினால், அரைகுறைக் காற்றில் கம்பிரசர் சூடேறி வழியில் கைவிடும். நீங்கள் எழுதிய 42 சரி. தப்பு என் மண்டையில்தான். அந்தப் பட்டியலை நான் ஒழுங்காகப் பார்த்திருந்தால் பிப்ரவரியிலேயே முடிந்திருக்கும். மார்ச் 3ஆம் தேதிப் பயணம் நடந்திருக்காது.

இன்னும் இருக்கிறது. இதை எழுதத்தான் நான்கு நாள் ஆனது.

பையைக் கையில் எடுத்தபோது பிசுபிசுத்தது. ஊதிப்போய், விரலால் அமுக்கினால் குழிந்தது. மோந்து பார்த்தேன், டீசல் வாடை. செருப்பில் மண்ணெண்ணெய் பட்டால் எப்படி ஊதிப்போகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் அப்பா ரப்பர் வெட்டுக்காரர். எண்ணெய்க் கையோடு ரப்பர் ஷீட்டைத் தொட்டால் அடி விழும். அவருடைய மகன் நான், மாசம் தவறாமல் அண்ணன் படுத்துப் போகிற வண்டிக்கு அடியில் நின்று, டீசலும் ஆயிலும் கலந்து ரப்பர் பைமேல் அடித்துவிட்டிருக்கிறேன். துருப்பிடிக்காமல் இருக்க. எல்லாக் கடற்கரை வண்டிக்கும் அடிப்பேன், ஸ்பிரிங் வண்டிக்கு அதனால் ஒன்றும் வராது. இந்த வண்டிக்கு மட்டும் கூடுதலாக, பாசத்தோடு அடித்தேன். சோப்புத் தண்ணீரில் குமிழி வராததும் மடிப்பு மூடியிருந்ததாலும் அந்த எண்ணெய்ப் படலத்தாலும்தான். கெடுத்தவனும் நான், கெட்டதை மூடி வைத்தவனும் நான்.

பின்பக்கம் இரண்டு பையும் புதிது வரவழைத்து மாட்டிவிட்டேன். காசைப் பற்றி எழுதாதீர்கள், எழுதினால் படிக்க மாட்டேன். கடையில் போய் ஒரு தையல் டேப் வாங்கினேன். மூன்று ராத்திரி தாழ்த்தியே விட்டு அளந்தேன். ராத்திரி 42, காலையில் 42, நான்கு பக்கமும். இதற்கு நூறு சதவீதம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

அண்ணனிடம் சொல்லுங்கள். அவர் கேட்டது சரி என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். முடிந்தால் நானே வந்து சொல்லியிருப்பேன், அவர் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் வரவில்லை.

ஜெப்சன்


மண்டைக்காடு,
26 மார்ச் 2025

தம்பி ஜெப்சனுக்கு,

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன், முழுவதும். ஆயில் விஷயம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார், தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். முடிந்ததும், "நல்ல பய. காதைக் கொண்டு வச்சுக் கேட்டான் பாத்தியா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எனக்கு அவ்வளவு பெரிய மனது இல்லை. மூன்று பயணம். அந்த மூன்றையும் நினைத்தால் உங்கள் மேல் இன்னும் கோபம் வருகிறது. என் மேலும் வருகிறது. நீங்களாவது பட்டியலைத்தான் நம்பவில்லை. நான் அவரையே நம்பவில்லை.

24ஆம் தேதி புறப்பட்டோம். வண்டி நிமிர்ந்து நின்றது. கருங்கல், மார்த்தாண்டம், களியக்காவிளை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன். நெற்றி சுருங்கவில்லை. மடியில் வைத்திருந்த தண்ணீர் டம்ளர் தளும்பவில்லை. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு எனக்கு மூச்சு இலேசாக வந்தது. நான் கேட்டது இது ஒன்றுதானே.

பாறசாலை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவர் கண்ணைத் திறந்தார். "தாணம், போரும் கேட்டியா. இனி அங்க வேண்டாம். வண்டியைத் திருப்பச் சொல்லு" என்றார்.

உங்களுக்கு எழுதாத ஒன்று உண்டு. இதை அவர் முன்பே சொல்லியிருக்கிறார். ஜனவரியில் இரண்டு தடவை, பிப்ரவரியில் ஒரு தடவை, கொடைக் கூட்டத்துக்குள் ஊர்ந்து போனபோது ஒரு தடவை. சக்கரத்தின் உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதிய நோட்டில் இதை நான் எழுதவில்லை. வலியில் சொல்கிறார் என்று விட்டேன். மாத்திரையில் சொல்கிறார் என்று விட்டேன். வண்டி சரியானால் சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். அன்றைக்கு வலி இல்லை. குலுக்கல் இல்லை. வேறு எதன் மேலும் பழி போட வழியில்லாமல் அவர் சொன்னது மட்டும் மிச்சம் நின்றது.

ஆனாலும் சோதித்தேன். இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டேன். "இருவத்திநாலு, திங்கள்" என்றார். நாம் எங்கே இருக்கிறோம் என்றேன். படுத்திருக்கிறார், வெளியே பார்க்க முடியாது. "உதியன்குளங்கரை வளைவு. இந்த ரோட்டுல எத்தன வருசம் பஸ் ஓட்டினேன், எனக்குத் தெரியாதா? நீ என்னைக் கோட்டிக்காரன்னு நெனச்சியா பிள்ளே?" என்றார். நான் வெளியே பார்த்தேன். அந்த வளைவுதான்.

ஏன் வேண்டாம் என்று கேட்டேன். ஊசி போட்டு வந்த பிறகு பத்து நாள் தன்னிலை இல்லாமல் கிடப்பதாகவும், மீதிப் பத்து நாள் அடுத்ததைப் பயந்து கிடப்பதாகவும், மூன்று வாரத்தில் தனக்கென்று ஒரு நாள்கூட மிச்சமில்லை என்றும் சொன்னார். தெளிவாக, வரிசையாகச் சொன்னார். பத்திரத்தில் எழுத வேண்டியிருந்தால் ஒரு சொல் மாற்றாமல் எழுதியிருப்பேன்.

ஜான்ரோஸ் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் திருப்பச் சொன்னேன்.

சொல்லிவிட்டு அழுதேன். இத்தனை பாடுபட்டுச் சரியாக்கிய வண்டி, போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் திரும்பி வந்தது. நான் செய்தது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டாக்டர் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸுக்குச் சொல்வதாகச் சொன்னார். இவர் நேற்றும் இன்றும் கஞ்சி குடித்தார். சாயங்காலம் முட்டம் ரோட்டில் வண்டியில் கொண்டுபோகச் சொன்னார், போனோம், கடல் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்து அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு கிடந்தார். எத்தனை நாள் இப்படி என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு நாள் வாருங்கள். அவர் கேட்கிறார். சுஜியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அஸ்வதிக்கு இன்னும் தெரியாது. இந்த வண்டியை வாங்கித் தந்தவள் அவள், அப்பா ஊசிக்குப் போக வேண்டும் என்றுதான் வாங்கித் தந்தாள். இதை அவளுக்கு எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசித்தும் வரவில்லை. அதனால் முதலில் உங்களுக்கு எழுதிப் பார்த்தேன்.

அக்கா,
தாணம்மாள்